பி2 போர்டு: மாற்றித் தரும் வரை காத்திருக்கவா, கைக்காசு போட்டுப் புதுசு வாங்கவா?

குடந்தை கேமரா
ஏப்ரல் 4, 2011, இரவு 11.40

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வந்து படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவன் நான். இன்றுதான் முதல் தடவையாகக் கேள்வி கேட்கிறேன். கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுத்து, எடிட் செய்து, டிவிடி போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. தை முகூர்த்தங்கள் வரிசைகட்டி நின்ற நேரத்தில் பழைய கோர் 2 டுவோ மெஷின் மூச்சுவாங்க ஆரம்பித்தது. ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் காபி குடித்து முடித்த பிறகும் 60 சதவீதத்தில் நிற்கும். சீட்டை எடுத்தேன். ஜனவரி 27-ம் தேதி சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், அப்போதுதான் வந்து இறங்கியிருந்த இன்டெல்லின் புது பிராசஸர் வரிசையான சாண்டி பிரிட்ஜ் செட்டையே வாங்கினேன். ஐ7-2600 பிராசஸர், பி67 சிப்செட் உள்ள மதர்போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி டிஸ்க் மூன்று. "நாலு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் சார்" என்றார் கடைக்காரர். நாலே நாள்தான். 31-ம் தேதி இன்டெல்காரர்களே வாய்திறந்து, 6 வரிசை சிப்செட்டில் (டிஸ்க் மாதிரியானவற்றைப் பிராசஸரோடு இணைக்கும், போர்டில் இருக்கும் சிப்) குறை இருக்கிறது, டிஸ்கும் டிவிடி ரைட்டரும் மாட்டும் சாட்டா போர்ட்கள் நாளாவட்டத்தில் கெட்டுப்போகலாம், அனுப்புவதை நிறுத்துகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது தெரிந்ததே மாசி பிறந்த பிறகு, இங்கே யாரோ புலம்பியதைப் படித்துத்தான்.

மெஷினுக்குள் என்ன சிப் என்று காட்டும் சிபியு-இசட் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். சவுத்பிரிட்ஜ் என்ற வரியில் பி67, ரெவ் பி2. குறை உள்ள அதே பதிப்புதான்; சரிசெய்து வந்திருப்பது பி3.

0, 1 என்ற முதல் இரண்டு போர்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, 2 முதல் 5 வரை உள்ள நாலும்தான் சந்தேகம் என்கிறார்கள். என் மெஷினுக்குள் இருப்பதைப் பாருங்கள். 0-வில் விண்டோஸ் இருக்கும் பழைய 320 ஜிபி. 1-ல் பழைய கல்யாணங்களைச் சேர்த்து வைக்கும் 1 டிபி. 2-லும் 3-லும் மற்ற இரண்டு டிஸ்க், ரெய்டு 0, அதாவது இரண்டையும் ஒரே டிஸ்க் மாதிரி சேர்த்து ஓட்டுவது, ஒன்று போனால் எல்லாம் போச்சு. 4, 5 இரண்டிலும் டிவிடி ரைட்டர். எந்தப் போர்ட்டில் குறையோ அதில்தான் என் சோறு இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா. மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு, காலை முகூர்த்தம் என்று எட்டு டேப் வந்துவிடும். ஒரு மணி நேர டேப் உள்ளே ஏறினால் 13 ஜிபி. ஆக ஒரு வீட்டுக்கே நூறு ஜிபி, எல்லாம் அந்த ரெய்டில்தான்.

இதுவரை ஒன்றும் ஆகவில்லை, அதனால் பேசாமல் இருந்தேன். முந்தாநாள் சனிக்கிழமை ராத்திரி தோனி சிக்ஸர் அடித்து முடித்து, தெருவெல்லாம் வெடி. நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து ஒரு வரவேற்பு டிவிடி எழுதிக்கொண்டிருந்தேன். 70 சதவீதத்தில் ரைட்டர் 'டக்' என்றது. மை கம்ப்யூட்டரில் டிரைவ் எழுத்தே இல்லை. ரீஸ்டார்ட் செய்ததும் வந்துவிட்டது. நேற்றும் ஒரு தடவை அதே மாதிரி. அது 4-வது போர்ட்.

கடைக்குப் போன் செய்தேன். "போர்டைக் கழற்றிக் கொண்டு வாங்க சார், டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பி பி3 வாங்கித் தர்றோம், மூணு நாலு வாரம் ஆகும்." அதுவரைக்கும் வேறு போர்டு தருவீர்களா என்றேன், சிரித்தார். பங்குனி முடியவில்லை, சித்திரையில் நாலு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதம் மெஷின் இல்லாமல் நான் என்ன செய்வது?

கைக்காசு போட்டு இப்போதே ஒரு பி3 போர்டு வாங்கிவிடலாமா? வாங்கினால் அது பி3 தான் என்று பணம் கொடுக்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? ரெய்டில் இருப்பது அப்படியே புதுப் போர்டுக்கு வருமா? விண்டோஸ் மறுபடி போட வேண்டுமா? வீட்டில் "இப்போதானே வாங்கினீங்க" என்று கேட்கிறார்கள். சிப்செட் என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் ஆகவில்லை.

ஈயப்பற்று
ஏப்ரல் 5, 2011, காலை 7.15

குடந்தை சார், கோவையில் 14 வருடமாக போர்டு சர்வீஸ் செய்கிறேன். முதலில் ஒன்று. ரைட்டர் காணாமல் போனதும் இன்டெல் சொன்ன குறையும் ஒன்றுதான் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

அந்தக் குறை என்னவென்றால், சிப்செட்டுக்குள், நொடிக்கு 3 ஜிகாபிட் வேகத்தில் ஓடும் போர்ட்களுக்கு (2 முதல் 5 வரை) கடிகாரத் துடிப்பு கொடுக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு டிரான்சிஸ்டர். அதன் ஆக்சைடு படலம் மிக மெல்லியது, குறைந்த வோல்டேஜில் வேலை செய்ய வேண்டியது. அதற்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போகிறது. மின்சாரம் கசிகிறது, நாள் போகப் போகக் கசிவு கூடுகிறது, துடிப்பு தடுமாறுகிறது. 6 ஜிகாபிட் வேகப் போர்ட் இரண்டுக்கும் (0, 1) துடிப்பு தனி வழியில் வருவதால் அவற்றுக்குப் பாதிப்பு இல்லை. பிராசஸருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டிஸ்கில் இருப்பதும் அழியாது, கழற்றி நல்ல போர்ட்டில் மாட்டினால் படிக்கும். வேடிக்கை என்னவென்றால் அந்த டிரான்சிஸ்டரே தேவையில்லையாம், பழைய டிசைனின் மிச்சம். பி3-ல் உலோக அடுக்கு ஒன்றை மாற்றி அதற்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் ரிப்பேர். அதற்கு 70 கோடி டாலர் செலவு, 30 கோடி டாலர் வியாபார இழப்பு என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். சிலிக்கானுக்குள் இருக்கும் கோளாறு என்பதால் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட்டோ டிரைவரோ இதைச் சரிசெய்யாது. எவனாவது சாஃப்ட்வேரில் சரிசெய்து தருகிறேன் என்றால் ஓடிவிடுங்கள்.

இது மெதுவாகத் தேய்கிற கோளாறு. மூன்று வருடத்தில் 5 சதவீதம் அளவுக்குக் கெடலாம், கடுமையாக உழைப்பு வாங்கினால் கூடலாம் என்பதுதான் பேச்சு. உங்களுடையது இரண்டே மாதம். நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் என் மேஜைக்கு வரும் "டிரைவ் காணோம்" கேஸ்களில் முக்கால்வாசி கேபிள்தான்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. ஹார்டு டிஸ்கில் சி7 என்ற வரியைப் பாருங்கள். போர்டுக்கும் டிஸ்குக்கும் நடுவே தகவல் சிதைந்து வந்தால் அந்த எண் ஏறும், ஏறினது இறங்காது. ரைட்டருக்கு அந்த வசதி இல்லை. அதனால் கல்யாணச் சேமிப்பு டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஒன்றும் இல்லாத பழைய டிஸ்க் ஒன்றை 4-வது போர்ட்டில், அதே கேபிளில் மாட்டி, 50 ஜிபி காப்பி போடுங்கள். எண் ஏறுகிறதா பாருங்கள். பிறகு அதே கேபிளை நல்ல போர்ட்டான 1-க்குக் கொண்டுபோய் மறுபடி போடுங்கள். அங்கேயும் ஏறினால் குற்றவாளி கேபிள். 4-ல் மட்டும் ஏறினால் போர்ட்.

அது வரைக்கும் இன்று ராத்திரியே ஒரு வேலை: மெஷினை அணைத்துவிட்டு ரெய்டு டிஸ்க் இரண்டையும் 0, 1-க்கு மாற்றுங்கள். ஆறு போர்ட்டும் ஒரே கண்ட்ரோலர், ரெய்டு விவரம் டிஸ்கிலேயே எழுதியிருக்கும், எந்தப் போர்ட்டில் மாட்டினாலும் அடையாளம் தெரியும். விண்டோஸ் டிஸ்க் 2-க்குப் போகட்டும். அது போனால் அரை நாள் போகும், கல்யாணம் போனால்?

வாங்குவது பற்றி மாலையில் எழுதுகிறேன். கடை திறக்கணும்.

சும்மா வந்தவன்
ஏப்ரல் 5, 2011, காலை 9.02

அப்பவே ஏஎம்டி ஃபீனம் ஆறு கோர் வாங்கியிருந்தால் இந்தத் தலைவலி உண்டா தல?

குடந்தை கேமரா
ஏப்ரல் 5, 2011, காலை 9.30

நண்பரே, வாங்கிய பிறகு சொல்கிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஈயப்பற்று அண்ணே, மிக்க நன்றி. ராத்திரி செய்துவிட்டுச் சொல்கிறேன். இங்கே தினமும் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, அதைப் பார்த்துத்தான் எதையும் செய்ய வேண்டியிருக்கிறது.

ஜூரோங் கண்ணன்
ஏப்ரல் 5, 2011, மதியம் 1.20

நான் சிங்கப்பூரில். சிம் லிம் ஸ்கொயரில் ஜனவரியில் வாங்கினேன், அதே பி67 பி2. இங்கே போன மாதம் டிஸ்ட்ரிபியூட்டர் அலுவலகத்திலேயே நேரில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். வரிசையில் நின்று பழையதை நீட்டினேன், பி3 கையில் வந்தது. மொத்தம் இருபது நிமிடம். ஆனால் எனக்கு முன்னால் நின்றவர் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் மேல் போடும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இல்லாமல் கொண்டுவந்திருந்தார். கவுன்டரில் இருந்த பெண் லென்ஸை எடுத்து சாக்கெட்டைப் பார்த்து, ஒரு பின் வளைந்திருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மூடியைப் பத்திரமாகத் தேடி வையுங்கள் அண்ணே. அது இல்லாமல் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஈயப்பற்று
ஏப்ரல் 5, 2011, இரவு 10.10

கண்ணன் சொன்னது பொன்னான வார்த்தை. இந்த 1155 சாக்கெட்டில் பின் எல்லாம் போர்டு பக்கம். தலைமுடி மாதிரி இருக்கும், விரல் பட்டால் போச்சு. வளைந்த பின்னுக்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது.

இப்போது வாங்குவது பற்றி. என்னைக் கேட்டால் இப்போது வாங்காதீர்கள். கேபிளைச் சோதித்து, ரெய்டை 0, 1-ல் வைத்து, சித்திரை வைகாசி ஆனியை ஓட்டிவிடுங்கள். ஆடி பிறந்தால் உங்களுக்குக் கல்யாண வேலை ஏது? அந்த மாதத்தில் போர்டைக் கழற்றிக் கொடுங்கள், நாலு வாரம் ஆனாலும் ஆகட்டும். மூன்று வருட வாரண்டி எங்கேயும் ஓடிவிடாது. கடைக்காரரிடம் மட்டும் "ஜூலையில் கொடுத்தாலும் மாற்றித் தருவோம்" என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது செல்லாது.

இல்லை, வாங்கித்தான் ஆவேன் என்றால் சில விஷயம். பெட்டியின் மேல் பி3 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டிக்கர் ஒட்ட எவனுக்கும் தெரியும். பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பரும் போர்டு ஓரத்தில் ஒட்டியிருக்கும் நம்பரும் ஒன்றா பாருங்கள். பிறகு டெஸ்ட் பெஞ்சில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிபியு-இசட்டைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. அதில் பி3 வரணும். டிவைஸ் மேனேஜரில் சாட்டா கண்ட்ரோலரின் ஹார்ட்வேர் ஐடியைத் திறந்தால் ரெவ் 05 இருக்கணும். 04 என்றால் பழசு.

அப்புறம், விலை குறைச்சல் என்று எச்61 என்ற வேறு சிப்செட் போர்டைத் தள்ளப் பார்ப்பார்கள். அதில் சாட்டா போர்ட் நாலுதான், ரெய்டே கிடையாது. உங்களுக்கு ஆகாது. கேமரா டேப்பிலிருந்து மெஷினுக்கு ஏற்ற ஃபயர்வயர் இணைப்பு வேண்டுமே, புதுப் போர்டில் அந்தப் பிளக் இருக்கிறதா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நிறைய போர்டில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பழைய வகை பிசிஐ ஸ்லாட்டில் போடும் ஃபயர்வயர் கார்டை மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். இந்த பி67-ல் சிப்செட்டுக்குள் பிசிஐ கிடையாது, தனியாக ஒரு பிரிட்ஜ் சிப் வைத்துத்தான் அந்த ஸ்லாட்டைக் கொடுத்திருக்கிறார்கள். சில கேப்சர் கார்டு அதில் முரண்டு பிடிக்கும்.

மே மாதம் இசட்68 என்ற அடுத்த சிப்செட் வரும் என்று பேச்சு. உங்களுக்கு அது அவசியமில்லை என்பது என் எண்ணம்.

கல்லூரிப் பையன்
ஏப்ரல் 6, 2011, காலை 8.45

அண்ணா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மார்ச்சில் வாங்கிய என் லேப்டாப்பிலும் ஐ5 சாண்டி பிரிட்ஜ்தான். அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

ஈயப்பற்று
ஏப்ரல் 6, 2011, காலை 9.10

பயப்படாதே தம்பி. லேப்டாப்பில் ஒரு டிஸ்க், ஒரு டிவிடி, இரண்டையும் 0, 1-ல் கொடுத்திருந்தால் பழைய சிப்பாக இருந்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாது. பாதிக்கப்பட்ட போர்ட்டைப் பயன்படுத்தாத மாடல்களுக்கு மட்டும் பிப்ரவரி 7-லிருந்து பழைய சிப்பையே மறுபடி அனுப்ப ஆரம்பித்தார்கள். எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று இன்டெல் சாட்டா சாஃப்ட்வேரே காட்டும், பார்த்துக்கொள்.

குடந்தை கேமரா
ஏப்ரல் 6, 2011, இரவு 11.55

சோதனை முடிந்தது. அண்ணே, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

மாமா வீட்டுப் பழைய 80 ஜிபி டிஸ்க். அந்தக் கேபிளில் 4-வது போர்ட். சி7 முதலில் 3 இருந்தது, 50 ஜிபி காப்பி ஆனதும் 41. அதே கேபிளை 1-ல் மாட்டினேன், 41 இருந்தது 77 ஆனது. புதுக் கேபிள் போட்டு மறுபடி 4-ல் ஓடவிட்டேன். 77-லேயே நின்றுவிட்டது. கேபிளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், ரைட்டர் பக்க முனையில் இருக்கும் சின்ன இரும்புக் கிளிப் உடைந்திருக்கிறது. போர்டோடு வந்த கேபிள்தான். நான்தான் கேபினெட்டை மூடும்போது மடக்கி அழுத்தியிருக்க வேண்டும். ரைட்டர் தட்டு வெளியே வந்து போகும் ஒவ்வொரு தடவையும் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு ராத்திரி தூக்கமில்லாமல் இன்டெல்லைத் திட்டிக்கொண்டிருந்தேன். இருபது ரூபாய் கேபிள்.

ஆனாலும் அண்ணே, ஆடி வரைக்கும் காத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள், என் மடியில் நாலு வீட்டுக் கல்யாணம் இருக்கிறது. பி2 குறைக்காக இல்லை, இந்தப் போர்டு வேறு எந்தக் காரணத்துக்குக் கெட்டாலும் என்னிடம் மாற்று இல்லை என்பது இந்த ரகளையில்தான் உறைத்தது. புதுசு ஒன்று வாங்கி ஓடவிட்டு, பழையதைக் கொடுத்து மாற்றி வருவதை ஸ்பேராக வைத்துக்கொண்டால் என்ன?

ஈயப்பற்று
ஏப்ரல் 7, 2011, காலை 7.05

ஸ்பேர் என்று வாங்குவதானால் நான் குறுக்கே நிற்கவில்லை. அது வேறு கணக்கு. அதே மாடலில் பி3 கிடைத்தால் அதையே வாங்குங்கள், மாட்டுவது சுலபம். மாட்டும் முன் ரெய்டில் இருப்பதையெல்லாம் வேறு டிஸ்கில் காப்பி எடுங்கள். புதுப் போர்டில் டிஸ்கை மாட்டிய உடனே விண்டோஸைத் தொடாதீர்கள். பயாஸுக்குள் போய் சாட்டா மோடை ரெய்டு என்று மாற்றுங்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

2003, 2004-ல் கெப்பாசிட்டர் உப்பி வெடித்த போர்டுகளை மூட்டை மூட்டையாகப் பார்த்தவன் நான். அப்போது அநேகமாக எவனும் முன்னால் வந்து "எங்கள் போர்டில் குறை" என்று சொல்லவில்லை, நாங்கள்தான் ஒவ்வொன்றாக ஈயம் உருக்கி மாற்றிக்கொண்டிருந்தோம். இதுவாவது சொல்லிவிட்டார்கள்.

குடந்தை கேமரா
ஏப்ரல் 17, 2011, மாலை 6.30

எல்லோருக்கும் சித்திரை வாழ்த்து. நடந்ததை எழுதிவிடுகிறேன், பின்னால் வருகிற யாருக்காவது உதவும்.

8-ம் தேதி ராத்திரி சென்னைக்குக் கிளம்பினேன். தேர்தல் நேரம். ரொக்கம் வைத்திருந்தால் வழியில் நிறுத்திக் கேட்கிறார்கள் என்று பயமுறுத்தியதால், பன்னிரண்டாயிரத்தோடு ஜனவரி பில்லையும் ஸ்டுடியோ ரசீதுப் புத்தகத்தையும் பையில் வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

ரிச்சி தெருவில் முதலில் நுழைந்தது எனக்குப் பழக்கமில்லாத கடை. என் மாடலையே எடுத்து வைத்தார்கள். பெட்டியின் மூலையில் பி3 ஸ்டிக்கர், ஆனால் கொஞ்சம் கோணலாக. அண்ணன் சொன்னபடி பெட்டி நம்பரை உரக்கப் படித்துவிட்டு, போர்டை எடுக்கச் சொன்னேன். பையன் வெள்ளிக் கவரிலிருந்து உருவினான். ஓரத்தில் ஒட்டியிருந்த நம்பரில் கடைசி நாலு இலக்கம் வேறு. "பெட்டி மாறியிருக்கும் சார்" என்றான். சரி, பெஞ்சில் போடு என்றேன். முகம் சுளித்தபடி போட்டான். பத்து நிமிடத்தில் விண்டோஸ் வந்தது. என் பென் டிரைவைச் சொருகி சிபியு-இசட்டைத் திறந்தேன். பி2. டிவைஸ் மேனேஜரில் ரெவ் 04.

அவன் திரையைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். உள்ளே இருந்து முதலாளி வந்து, ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றார். பி2 என்று சொல்லியே குறைத்துக் கொடுத்திருந்தால்கூட அது ஒரு வியாபாரம். ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுக் குறைப்பதற்கு என்ன பெயர்? ஒன்றும் பேசாமல் பென் டிரைவை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். இவ்வளவு நேரம் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறாரே என்று பின்னால் முணுமுணுப்பு கேட்டது.

மூன்றாவது கடையில் கிடைத்தது. அங்கே முதலில் காட்டியதில் ஃபயர்வயர் இல்லை. திருப்பிப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் இருந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். மாடியிலிருந்து வேறு ஒன்று இறக்கினார்கள், என் பழைய மாடலேதான், பி3. நம்பர் ஒன்றாக இருந்தது, பெஞ்சில் ரெவ் 05 வந்தது. 8,600 ரூபாய். அந்தக் கடைப் பையனே "நீங்க சர்வீஸ் இன்ஜினியரா சார்" என்று கேட்டான். கோவையில் என் அண்ணன் ஒருவர் இருக்கிறார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். காப்பி எடுக்க மட்டும் அரை நாள் போனது, நடுவில் கரண்ட் போய் யுபிஎஸ் கத்தியது. கூலரின் நாலு காலையும் திருகிக் கழற்றி, பிராசஸரைத் தூக்கிப் புதுச் சாக்கெட்டில் வைத்து, லிவரை அழுத்தும்போது கரகர என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கு எத்தனை தடவை செய்தாலும் எனக்கு வயிறு கலங்கும். எல்லாம் சரியாக மாட்டி, ஆர்வத்தில் பயாஸுக்குப் போகாமல் நேரே பவரைத் தட்டிவிட்டேன். விண்டோஸ் லோகோ மலர்ந்து வரும்போதே நீலத் திரை, 7பி என்று முடியும் எர்ரர். கை நடுங்கிவிட்டது. அப்புறம்தான் அண்ணன் எழுதியது ஞாபகம் வந்தது. பயாஸில் பார்த்தால் சாட்டா மோட் ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தது. ரெய்டு என்று மாற்றி சேமித்ததும், கறுப்புத் திரையில் இரண்டு டிஸ்க் பெயரும் 'நார்மல்' என்று பச்சை எழுத்தில் வந்தன. கல்யாணம் எல்லாம் அப்படியே இருக்கிறது.

விண்டோஸ் மறுபடி போடவில்லை. ஆனால் ஆக்டிவேஷன் கேட்டது. போனில் கூப்பிட்டு 54 இலக்கத்தை ஆறு ஆறாகத் தட்ட வேண்டும். பாதியில் மகள் வந்து "அப்பா யாருக்கு இவ்வளவு பெரிய நம்பர்" என்று கேட்டுக் குழப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பழைய போர்டை அனுப்ப எடுத்தபோதுதான் கண்ணன் சொன்ன கறுப்பு மூடி நினைவுக்கு வந்தது. பெட்டியில் இல்லை, மேஜை டிராயரில் இல்லை, பரண் வரை ஏறிப் பார்த்தேன். கடைசியில் மகளின் சொப்புப் பெட்டியில் இருந்தது. மரப்பாச்சிக்கு அதுதான் மூன்று மாதமாக மணை. அதில் உட்கார வைத்து அந்தப் பொம்மைக்குக் கல்யாணமே செய்திருக்கிறாள். பதிலுக்கு நல்லதாக ஒரு மணை வாங்கித் தருகிறேன் என்று ஒப்பந்தம் போட்டுத்தான் வாங்க முடிந்தது. ஊதித் துடைத்து, சாக்கெட்டில் 'டக்' என்று உட்காரும் வரை மெதுவாக அழுத்தி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ஜனவரியில் வாங்கிய கடைக்கே வெள்ளிக்கிழமை கூரியரில் அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் என்கிறார்கள். நாலானாலும் கவலையில்லை.

அந்த வரவேற்பு டிவிடி ஆறு காப்பியும் 4-வது போர்ட்டில் இருக்கும் அதே ரைட்டரில்தான் எழுதினேன், புதுக் கேபிளில்.

ஈயப்பற்று
ஏப்ரல் 17, 2011, இரவு 9.20

நல்லது. உடைந்த கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா, டிராயரில் வைத்திருக்கிறீர்களா?

குடந்தை கேமரா
ஏப்ரல் 17, 2011, இரவு 9.34

டிராயரில்தான் இருந்தது அண்ணே. இப்போதுதான் எடுத்து நடுவில் வெட்டிவிட்டு வந்தேன்.